ஒரே தேதியில் பிறந்த முப்பத்தேழு பேர்

நாங்கள் ஜெயித்தோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கேட்பவர்கள் பாதியிலேயே "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள், எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. இதில் யாரும் பாவம் இல்லை. முதலாளியின் வக்கீல் வேண்டுமானால் கொஞ்சம் பாவம். அன்றைக்கு அவர் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்குகிறது.

நான் நைனார்பாளையத்துக்காரன். எங்கள் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் சேகோ ஆலையில் பதினாலு வருஷம் டைம்கீப்பராக இருந்தேன். கல்வராயன் மலையிலிருந்து லாரி லாரியாக மரவள்ளிக் கிழங்கு வந்து இறங்கும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோல் சீவுவார்கள். அது அரைபட்டு, பாலாகி, மாவாகி, கடைசியில் களத்தில் வெள்ளை வெளேரென்று ஜவ்வரிசியாகக் காயும். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை கூடை சீவினார்கள் என்று எழுதுவது என் வேலை. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

ஆலை ஆரம்பித்த புதிதில் பி.எஃப். படிவங்கள் ஒரு கட்டு வந்தன. கிழங்கு சீவும் பெண்கள் முப்பத்தேழு பேருக்கும் நான்தான் நிரப்ப வேண்டும். பேர் எழுதினேன், புருஷன் பேர் எழுதினேன், ஊர் எழுதினேன். பிறந்த தேதி என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. ஒருவருக்கும் தெரியாது.

"பெரிய புயலு அடிச்சி ஓடெல்லாம் பறந்துச்சே, அப்ப நான் தவழ்ந்துக்கினு இருந்தேனாம்" என்றார் ஒருவர். "எங்க அக்காவுக்கு நான் ரெண்டு வயசு கம்மி. அக்கா வயசு இன்னான்னு மட்டும் கேக்காத" என்றார் இன்னொருவர். அந்தப் பெண்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர், கச்சிராயபாளையத்துக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். நான் அவரை மேஸ்திரியக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் மட்டும் கொஞ்சம் துல்லியமாகச் சொன்னார்: "கோமுகி அணை கட்டிக்கினு இருந்தப்ப எங்கம்மா அங்க மண்ணு சொமந்துச்சு. நான் வயித்துல இருந்தேன். கணக்கு போட்டுக்கோ டைம் சாரு."

நான் கணக்குப் போட்டேன். முகத்தைப் பார்த்து, தலைமுடியைப் பார்த்து, பிள்ளைகளின் வயதைக் கேட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு வருஷம் போட்டேன். தேதிக்கு என்ன செய்வது? எனக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன செய்தார்களோ அதையே செய்தேன். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் போனவர்களில் பாதிப்பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். அப்பா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார், தலைமையாசிரியர் பையனை ஏற இறங்கப் பார்த்து ஜூன் ஒன்று என்று எழுதிவிடுவார், அன்றோடு அவன் அந்தத் தேதியில் பிறந்தவன். என் உண்மையான தேதி எங்கள் கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில் இருக்கிறது, சர்டிபிகேட்டில் ஜூன் ஒன்றுதான். ஆகவே முப்பத்தேழு பேருக்கும் ஜூன் ஒன்று. ஒரே மத்தியானத்தில் வேலை முடிந்தது. மேனேஜர் என் வேகத்தைப் பாராட்டி டீ வாங்கிக் கொடுத்தார்.

மாதாமாதம் அவர்கள் கூலியில் பி.எஃப். பிடித்தோம். "இன்னாத்துக்கு சாரு புடிக்கறீங்க?" என்று முதல் மாதம் சண்டைக்கு வந்தார்கள். "வயசான காலத்துல பென்ஷன் வரும்" என்று நான்தான் சமாதானம் சொன்னேன். முதலாளி சேலத்திலிருந்து காரில் வந்து போகிறவர். அவரை அவர்களுக்குத் தெரியாது. என்னைத் தெரியும். என் வார்த்தையை நம்பித்தான் அடங்கினார்கள்.

ஆறு வருஷம் ஆலை ஒழுங்காகக் கட்டியது. பிறகு கட்டிய ரசீது என் மேஜைக்கு வருவது நின்றது. கேட்டேன். "எல்லாம் இப்போ ஆன்லைன், ஆடிட்டர் பாத்துக்கறார்" என்றார் மேனேஜர். எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பாதிப் பொய். சந்தேகம் இருந்தது. கேட்டால் வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. எட்டு வருஷம் பிடித்துக்கொண்டே இருந்தார்கள், நானும் சீட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன்.

கொரோனா முடிந்த அடுத்த வருஷம் ஆலை நின்றது. நஷ்டம் என்றார்கள். கடைசி வாரம் மேனேஜர் தேன் மாதிரிப் பேசினார். "உங்களை அப்படியே விட்டுடுவோமா? கவர்ன்மென்ட்ல முதியோர் பென்ஷன் இருக்கு, விதவை பென்ஷன் இருக்கு. கம்பெனி வேன்லயே தாலுக்கா ஆபீஸ் கூட்டிட்டுப் போறேன். நம்ம டைம்கீப்பர் ஃபாரம் எழுதிக் குடுப்பார்." நானும் எழுதினேன். தொழில் என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டதற்கு, "விவசாயக் கூலின்னு போடுங்க, அப்பதான் கிடைக்கும்" என்றார். போட்டேன். வேறு எங்கும் வேலை பார்த்ததில்லை, வேறு வருமானமில்லை என்ற இடத்திலும் டிக் போட்டேன். பெண்கள் கைநாட்டு வைத்தார்கள்.

மேஸ்திரியக்கா வைக்கவில்லை. அவர் புருஷன் போய்ப் பல வருஷம். தாராளமாகக் கிடைத்திருக்கும். மை டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு மேனேஜரைப் பார்த்துக் கேட்டார்.

"எங்ககிட்ட புடிச்ச துட்டு எங்க சார்?"

"அது வரும்போது வரும்மா. அதுவரைக்கும் அரசாங்கம் குடுக்குதில்ல."

"அரசாங்கம்னா யாரு சார்? நான் சோப்பு வாங்கினா வரி. பல்பொடி வாங்கினா வரி. எங்க தெருவுல அத்தினி பேருகிட்டயும் வாங்கறதுதான அது? என் துட்டை மொதலாளி முழுங்கிட்டு, அதுக்கு என்கிட்டயே வரி வாங்கி எனக்கே தருவீங்களா? இது இன்னா சார் ஞாயம்?"

மேனேஜர் சிரித்தார். வேனில் இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை எழுதக் கை கூசுகிறது. அக்கா வேனில் ஏறாமல் டவுன் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனார்.

கொஞ்ச நாளில் முப்பத்தேழு பேரில் இருபத்திரண்டு பேருக்கு அரசுப் பென்ஷன் வர ஆரம்பித்தது. அக்காவுக்கு ஒன்றுமில்லை. அவர் கரும்பு வெட்டப் போனார். பி.எஃப். பென்ஷன் வாங்கும் வயது தாண்டிய கையில் கரும்புக் கத்தி. நைனார்பாளையத்தில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு நாள் அவர் கணக்கைத் திறந்து பார்த்தேன். ஆறு வருஷத்தோடு எல்லாம் நின்றிருந்தது. பென்ஷன் வேண்டுமென்றால் பத்து வருஷமாவது கட்டியிருக்க வேண்டும். அந்த எட்டு வருஷத்தை ஆலை கட்டினால் எல்லோருக்கும் சாகும்வரை பென்ஷன். கட்டாவிட்டால் ஒருவருக்கும் கிடையாது.

எனக்கு வந்த கோபத்தில் அன்றே பி.எஃப். ஆபீசுக்கு மனு எழுதினேன். எட்டுப் பக்கம். அவர்கள் ஆலையை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அக்காவும் நாலைந்து பெண்களும் வந்திருந்தார்கள்.

விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். ஆலையின் வக்கீல் எழுந்து ஆலையின் பல வருஷத்து வரவு செலவுக் கணக்கை அவர் முன்னால் வைத்தார். ஆலை திவால், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அப்புறம் அந்தப் பழைய பி.எஃப். படிவக் கட்டை எடுத்தார். அது என் கையெழுத்து.

"ஐயா, இந்த முப்பத்தேழு பேர்ல ஒருத்தர் விடாம எல்லாரும் ஜூன் ஒண்ணாம் தேதி பிறந்திருக்காங்க. உலகத்துல எங்கயாவது நடக்குமா? ஆதார்ல பாத்தா வேற தேதி. இவங்க ஆலைத் தொழிலாளிங்களே இல்லை. இதோ இருக்கிற டைம்கீப்பர் இல்லாத ஆளுங்க பேரை எழுதிக் கூலியைச் சுருட்டியிருக்கார். வருகைப் பதிவேட்டைக் காட்டலாம்னா, கரையான் அரிச்சுடுச்சு."

அத்தோடு விட்டாரா? தாலுக்கா ஆபீஸ் படிவங்களின் நகல் ஒரு கட்டை எடுத்தார். தொழில், விவசாயக் கூலி. வேறு எங்கும் வேலை பார்த்ததில்லை. அதுவும் என் முத்து முத்தான கையெழுத்து. வேனில் அவ்வளவு அன்பாகக் கூட்டிக்கொண்டு போனது எதற்கென்று அப்போதுதான் என் மண்டைக்கு ஏறியது. "அரசாங்கம் ஏற்கெனவே இவங்களுக்குப் பென்ஷன் குடுக்குது ஐயா. யாருக்கும் கஷ்டமில்லை. இதுக்கு மேல திவாலான ஒரு கம்பெனியைப் பிழிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்று உட்கார்ந்தார்.

அதிகாரி என்னைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார். "இவங்க அந்த ஆலையில வேலை செஞ்சாங்கன்னு ஆதாரம் கொண்டு வாங்க. இல்லைன்னா நான் மனுவைத் தள்ளுபடி பண்ணத்தான் வேணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். முப்பத்தேழு பெண்களின் பிறந்த தேதியைப் பொய்யாக எழுதினேன் சாமி, சந்தேகம் இருந்தும் எட்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றேன். சாமியார், "அது பாவம் இல்லப்பா, சோம்பேறித்தனம். எட்டு வருஷம் வாய மூடிக்கிட்டு இருந்தேன்னு சொல்ற பாரு, அதுக்கு வேணா ஜெபம் பண்ணு" என்றார். அதுவும் சரிதான். செய்தேன். ஆனால் அவமானம் போகவில்லை. பதினாலு வருஷம் ஒரு ரூபாய் தொடாதவனைத் திருடன் என்று அந்த வக்கீல் சொல்லிவிட்டானே என்று வீட்டில் சுவரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்துக் காலையில் மேஸ்திரியக்கா வந்தார். கையில் ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி. ஏதோ குழம்பு கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன். திறந்தால் காலி.

"இதுல இன்னா வெட்டியிருக்குதுன்னு படி சாரு."

எங்கள் முதலாளிக்கு ஒரு பழக்கம். ஆயுத பூஜைக்குப் போனஸ் ரூபாயாகக் கொடுக்க மாட்டார். ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒரு வருஷம் தூக்குச்சட்டி, ஒரு வருஷம் தட்டு, ஒரு வருஷம் அடுக்கு. தான் கொடுத்தது ஊருக்குத் தெரிய வேண்டும் என்று ஆலையின் பேரைக் கொட்டை எழுத்தில் வெட்டச் சொல்வார். முதல் வருஷமே, எது யாருடையது என்று பெண்களுக்குள் அடிதடி வந்துவிட்டது. அடுத்த வருஷத்திலிருந்து ஆலையின் பேருக்குக் கீழே அவரவர் பேரும் டோக்கன் நம்பரும் வருஷமும் சேர்த்து வெட்டினோம். கள்ளக்குறிச்சிப் பாத்திரக் கடையில் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான்.

படித்துக் காட்டினேன். ஆலையின் பேர். அக்காவின் பேர். டோக்கன் நம்பர். வருஷம்.

"நான் இல்லாத ஆளுன்னு அந்த வக்கீல் சொன்னான் இல்ல?" என்றார் அக்கா. "இல்லாதவளுக்கு எதுக்கு சாரு பேரு வெட்டிக் குடுத்தாரு உங்க மொதலாளி?"

எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனுஷிக்குத் தோன்றியது பேனாவும் கையுமாக இருந்த எனக்குத் தோன்றவில்லை. அக்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். "கும்புடறது இருக்கட்டும், கெளம்பு. சட்டிங்களைத் தேடணும்" என்றார்.

மூன்று வாரம் நாங்கள் இருவரும் பாத்திரம் தேடி அலைந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். வடக்கனந்தலில் ஒருவர் வீட்டில் ஆலைத் தட்டில்தான் ஆட்டுக்குட்டி தவிடு தின்றுகொண்டிருந்தது. ஒருவர் அடுக்கை மகளுக்குச் சீராகக் கொடுத்திருந்தார், சம்பந்தி வீட்டில் போய் அதைத் திருப்பிக் கேட்பதற்குள் மானம் கப்பலேறிவிட்டது. இரண்டு பேருடையது அடகில் இருந்தது. நான் மோதிரத்தை வைத்து மீட்டேன். இன்னொருவர் மகளோடு மலைக்கே போய்விட்டார் என்றார்கள். கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை பஸ் பிடித்தோம். வளைந்து வளைந்து ஏறியதில் எனக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, நாங்கள் சீவிய கிழங்கெல்லாம் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தார். அந்த அம்மா வீட்டில் தூக்குச்சட்டி தேன் நிரம்பி இருந்தது. தேனை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, சட்டியைக் கழுவிக் கொடுத்து, "நானும் வரேன், எம் பேரு அதுல இருக்குது இல்ல" என்று செருப்பை மாட்டிக்கொண்டு எங்களோடு கிளம்பிவிட்டார்.

இரண்டாவது விசாரணைக்கு முப்பத்தாறு பெண்களும் ஆறு கோணிப்பையுமாகப் போனோம். ஒருவர் மட்டும் இறந்து போயிருந்தார். அவருடைய தட்டை அவர் மகள் கொண்டுவந்தாள். பி.எஃப். ஆபீஸ் வாசலில் வாட்ச்மேன் வழி மறித்து, "பாத்திர வியாபாரமெல்லாம் உள்ள கூடாது" என்றார். "வியாபாரமில்ல தம்பி, சாட்சி" என்று அக்கா அவரைத் தாண்டிப் போனார்.

வக்கீல் வழக்கம் போல ஆரம்பித்தார். பாத்திரக் கடைக்குக் கொடுத்த பட்டியலை எழுதி வைத்திருந்த என் பழைய நோட்டைப் பிரித்து ஒவ்வொரு பேராகப் படித்தேன். பேரும் டோக்கன் நம்பரும் படிக்க, ஒவ்வொருவரும் எழுந்துபோய்த் தன் பாத்திரத்தை அதிகாரியின் மேஜையில் வைத்தார். வெட்டிய எழுத்தை அவர் விரலால் தடவிப் படித்தார். பத்தாவது பேருக்கு மேஜையில் இடமில்லை. தரையில் அடுக்கினோம். தட்டும் சட்டியும் சத்தம் போடப் போட, பக்கத்து அறை குமாஸ்தாக்கள் எல்லாம் வந்து கதவில் நின்றுவிட்டார்கள்.

"இதெல்லாம் நேத்து கடையில வெட்டிக்கிட்டு வந்திருப்பாங்க ஐயா" என்றார் வக்கீல்.

அதற்குத்தான் நான் காத்திருந்தேன். "சார்" என்றேன் அதிகாரியிடம், "போன தடவை ஆலை நஷ்டம்னு சொல்ல இவங்க ஒரு கணக்கு குடுத்தாங்க இல்ல, அதுல செலவுப் பக்கத்தைக் கொஞ்சம் பாருங்க சார். பாத்திரக் கடை பில்லு எல்லாம் நான்தான் ஆடிட்டருக்கு அனுப்பினேன்."

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பக்கங்களைப் புரட்டினார். ஒரு இடத்தில் நின்றார். அடுத்த வருஷத்துக்குப் போனார். அதற்கடுத்த வருஷத்துக்குப் போனார். பிறகு உரக்கப் படித்தார்: கிழங்கு சீவும் தொழிலாளர் முப்பத்தேழு பேருக்கு ஆயுத பூஜை போனஸ், பாத்திரம். வருஷா வருஷம் அதே வரி. திவால் என்று நிரூபிக்க அவர்களே கொண்டுவந்து கொடுத்த கணக்கு.

"வக்கீல் சார், வருமான வரி கம்மி பண்றதுக்கு இந்த முப்பத்தேழு பேரும் இருந்தாங்க. பி.எஃப். கட்டறதுக்கு மட்டும் இல்லாம போயிட்டாங்களா?" என்றார் அதிகாரி.

வக்கீல் தண்ணீர் கேட்டார். அக்கா ஒரு தூக்குச்சட்டி மூடியை நீட்டினார். கதவில் நின்ற குமாஸ்தாக்கள் சிரித்ததை அதிகாரி கண்டிக்கவில்லை.

பிறந்த தேதி பாக்கி இருந்தது. அதிகாரி என்னைப் பார்த்து, "அதென்னய்யா எல்லாருக்கும் ஜூன் ஒண்ணு?" என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். கடைசியில், "இவங்க ஆதாரைப் பாருங்க சார், தேதி தெரியாதவங்க அத்தனை பேருக்கும் ஜனவரி ஒண்ணுன்னு போட்டிருக்கு. நான் எழுதினா மோசடி, கம்ப்யூட்டர் எழுதினா அடையாள அட்டையா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் அதிகப்பிரசங்கித்தனம் என்று உறைத்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் அப்பாவுக்கும் ஜூன் ஒண்ணுதான்யா" என்றார். எல்லோரையும் கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, டாக்டரிடம் வயதுச் சான்று வாங்கி வரச் சொன்னார். அங்கே பல்லையும் எலும்பையும் பார்த்து எழுதிய வயது, நான் முகத்தைப் பார்த்து எழுதிய வயதுக்கு ஒன்றிரண்டு வருஷம்தான் முன்னே பின்னே இருந்தது. டாக்டராகியிருக்க வேண்டியவன் நான் என்று பெண்களிடம் பீற்றிக்கொண்டேன்.

உத்தரவு வந்தது. எட்டு வருஷப் பாக்கியையும் வட்டியோடு ஆலை கட்ட வேண்டும். கட்டாததால் ஜவ்வரிசி காய்ந்த களத்தை ஏலம் விட்டார்கள். வாங்கியவர் இப்போது அங்கே கல்யாண மண்டபம் கட்டுகிறார். திவால் என்று சொன்ன முதலாளி, அடுத்து ஆலைக் கட்டடமும் ஏலத்துக்கு வருகிறது என்றதும் மீதியைத் தானாகவே கொண்டுவந்து கட்டினார். எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. முப்பத்தாறு பேருக்கும் பென்ஷன் உத்தரவு தபாலில் வந்தது. இறந்தவருக்கு உரியது அவர் குடும்பத்துக்குப் போனது. தொகை பெரிதல்ல. ஆனால் முதல் மாதம் வங்கியில் அக்கா விரல் ரேகை வைத்துப் பணத்தை வாங்கி, எண்ணாமல் அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டதைப் பார்த்தபோது நான் அழுதேன். "இன்னாத்துக்கு அழற? என் துட்டு எனக்கு வந்துச்சு" என்றார்.

அத்தோடு அவர் சும்மா இருந்தாரா? அடுத்த வாரமே எல்லோரையும் கூப்பிட்டார். அரசுப் பென்ஷன் வாங்கும் இருபத்திரண்டு பேரும் அதை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். பெரிய ரகளையாகிவிட்டது. "வர்றதை ஏன்டி தள்ளணும்?" என்று ஒருவர் மண்ணை வாரித் தூற்றாத குறை. அக்கா குரலை உயர்த்தவில்லை. அவர் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், தனிக்கட்டை, இரண்டு காலும் வீங்கி நடக்க முடியாதவர். மூன்று தடவை மனுப் போட்டுவிட்டார். இடம் காலியானால் பார்க்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"அந்தாளு எடத்துல நாம ஒக்காந்துக்கினு இருக்கோம்" என்றார் அக்கா. "நம்ம மொதலாளி கட்ட வேண்டியதை இத்தினி நாளா ஊரு ஜனம் கட்டிச்சு. இப்ப நமக்கு ஆலைக்காரன் குடுக்கறான். எழுந்து எடம் விடணுமா இல்லியா?"

பத்தொன்பது பேர் ஒத்துக்கொண்டார்கள். மூன்று பேர் வரவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மாத்திரை வாங்கவே இரண்டு பென்ஷனும் பத்தாத உடம்பு அவர்களுக்கு.

பத்தொன்பது மனுவையும் நானே எழுதினேன். இந்தத் தடவை ஒவ்வொரு கட்டத்திலும் உண்மையை எழுதினேன். தொழில், கிழங்கு சீவுதல், ஓய்வு. தாலுக்கா ஆபீசில் குமாஸ்தா முதல் மனுவைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "பென்ஷன் வேணும்னு தானே எழுதணும்? நிறுத்தணும்னு எழுதியிருக்கீங்க?" என்றார். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். இறந்தவர் பென்ஷனை நிறுத்த அவரிடம் வழி இருந்தது, உயிரோடு வந்து நிற்கிறவர் பென்ஷனை நிறுத்த என்ன செய்வதென்று தெரியவில்லை. கட்டை எடுத்துக்கொண்டு தாசில்தாரிடம் போனார். தாசில்தாரே வெளியே வந்துவிட்டார். சின்ன வயசு அம்மா. வராந்தாவில் நின்ற இத்தனை பெண்களையும் பார்த்துத் திகைத்துப் போனார்.

"யாராவது மிரட்டினாங்களாம்மா? பயப்படாம சொல்லுங்க."

"எங்களை யாரு மிரட்டுவா? நாங்க ஒரு வக்கீலையே மிரட்டிட்டு வந்திருக்கோம்" என்றார் மலையிலிருந்து வந்திருந்த அம்மா. வராந்தா முழுக்கச் சிரிப்பு.

நான் முன்னால் போய் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். தாசில்தார் ஒவ்வொரு மனுவாக வாங்கி, ஒவ்வொருவர் பேரையும் தானே படித்துக் கேட்டுக் கையெழுத்துப் போட்டார். நடுவில் ஒரு தடவை நிறுத்தி, குமாஸ்தாவிடம், "இவங்களுக்கெல்லாம் பெஞ்சு போடுங்க, ஏன் நிக்க வச்சிருக்கீங்க?" என்றார். பத்தொன்பதும் முடிந்தது. கடைசியாக மேஸ்திரியக்கா அவர் முன்னால் போய் நின்றார்.

"உங்க மனு எங்கம்மா?"

"நான் வாங்கவே இல்லியே. எதை நிறுத்தறது?"

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

அக்கா இடுப்பிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்து, கையால் நீவி, அந்தப் பத்தொன்பது மனுக்களின் மேலே வைத்தார். தெருவில் இருந்த அந்தப் பெரியவரின் விண்ணப்பம், நாலாவது தடவையாக.

"இப்ப எடம் காலியா இருக்குது இல்ல மேடம்?" என்றார்.